பாதி மோட்டாரின் விலை

786
ஜாலான் சுல்தான், சிங்கப்பூர்
12-6-1957

காஜா பெராங் அப்பாசாமி அண்ணன் அவர்களுக்கு, ஜெய்னுலாப்தீன் மனைவி நூர்ஜஹான் எழுதிக்கொள்வது.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும், மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர், சிஹாபுதீன் வாப்பா, நோன்பு பிறந்த மூன்றாம் நாள் மவுத்தாகிவிட்டார். உங்களுக்கும் மகன் தந்தி அடித்தான். நீங்கள் வரவில்லை. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நான் இன்னும் இத்தாவில், புருஷனுக்குத் துக்கம் காக்கிற நாளில், இருக்கிறேன். ஆகஸ்டு பாதி ஆகும்வரை வாசல்படி தாண்டக்கூடாது. இல்லாவிட்டால் பஸ் ஏறி நேரிலேயே வந்து கேட்டிருப்பேன்.

கேட்க வேண்டியது அந்த ஏரியல் மோட்டார் சைக்கிளைப் பற்றி. ஜாசின் தோட்டத்து மானேஜர் துரை ரப்பர் மரங்களுக்கு நடுவே சேற்றிலும் மேட்டிலும் ரேஸ் ஓட்டியது. ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை கப்பலுக்கு ஓடியபோது, நீங்களும் சிஹாபுதீன் வாப்பாவும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. பட்டாளத்தான் கண்ணில் படக்கூடாதென்று அதைக் கழற்றி, பிரேம், சக்கரம், டேங்க் எல்லாம் உங்கள் வீட்டிலும் இன்ஜினும் கியர் பெட்டியும் எங்கள் வீட்டிலுமாக ஒளித்து வைத்தீர்கள். சண்டை முடிந்து நீங்கள் இரண்டு பேரும் பேச்சை முறித்துக்கொண்டதும் இன்ஜின் எங்களோடு இங்கே வந்துவிட்டது. இன்றைக்கும் என் சமையல்கட்டில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் சாக்குக்குள் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பொன்னுதுரை என்று ஒரு தரகர் வந்தார். வெள்ளைக்காரர்களுக்குப் பழைய மோட்டார் பிடித்துக் கொடுக்கிறவராம். மகனோடு முன்னறையில் உட்கார்ந்து பேசினார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"மலாக்காக் கிழவர் பிரேமை எனக்கு நூற்றைம்பதுக்குத் தந்திட்டார் தம்பி. இன்ஜினுக்கு இருநூறு தாறன். நீங்கள் இதை வச்சு என்ன செய்யிறது? கிணத்துத் தண்ணி இறைக்கலாம், வேற ஒண்டுக்கும் ஆகாது."

"எங்கம்மாவக் கேக்கணும்," என்றான் மகன்.

"கேளுங்கோ, கேளுங்கோ. ஆனா இரும்புக்கு வயசு போகப் போக விலை கூடாது."

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பிரேமை விற்றது உண்மையா? உண்மை என்றால், அதில் பாதி எங்களுடையது இல்லையா? இரண்டாவது, இன்ஜினின் சரியான விலை என்ன? மோட்டார் விலையில் உங்களைப் போல் கண் உள்ள ஆள் மலாக்காவிலேயே கிடையாது என்று அவர், கோபம் இருந்தபோதும், சொல்வார். சுங்கை ரோட்டில் அவர் வைத்திருந்த சைக்கிள் சாமான் கடைக்கு, இடத்துச் சொந்தக்காரச் சீனர் புது முன்பணம் கேட்கிறார். ஆகஸ்டு கடைசிக்குள் கட்டாவிட்டால் கடை வேறு ஆளுக்கு. சிஹாபுதீனுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு வழியில்லை.

விலையை ஒரு வரியில் எழுதுங்கள், போதும்.

நூர்ஜஹான்


காஜா பெராங், மலாக்கா
20-6-1957

தங்கச்சி நூர்ஜஹானுக்கு, அப்பாசாமி சொல்ல மருமகள் கமலவேணி எழுதுவது.

உன் கடிதத்தை இவள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எனக்கு ஒரு தடவை போதும், ஒன்றும் மறக்காது. இரண்டாம் தடவை கேட்டது, கோபம் நியாயமானதுதானா என்று பார்க்க.

பிரேமை நான் விற்கவில்லை. தலையைத் தூக்கினால் தெரிகிறது, கூரை வளையில் தொங்குகிறது. ஹேண்டிலில் இவள் ஈரத்துணி காயப் போடுகிறாள். (மழை நாளில் மட்டும். - கமலவேணி)

அந்தப் பொன்னுதுரை உன்னிடம் வருவதற்கு முன்னால் புதன்கிழமை இங்கே வந்தான். வெள்ளைச் சட்டை, பேனா இரண்டு. "கிழவரே, சிங்கப்பூர் அம்மா இன்ஜினை வித்துப்போட்டா. இனி உம்மட பிரேம் வெறும் கட்டில் கால்தான். நூறு வெள்ளி தாறன்," என்றான். நானும் நம்பினேன். ஜெய்னு செத்த சூடு ஆறுவதற்குள் பெண்பிள்ளை விற்றுவிட்டாளே என்று பத்து நாளாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது, அவன் ஒரே கயிற்றை இரண்டு பக்கமும் இழுக்கிறான். இரண்டையும் தனித்தனியாக மலிவாக வாங்கி, ஒன்றாக மாட்டி, யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு முழு மோட்டாராகக் கொடுப்பான்.

விலை எப்படி நிற்கிறது என்று சொல்கிறேன், கேள். ரோட்டில் ஓடுகிற மோட்டாருக்கு விளக்கு வேண்டும், ஹார்ன் வேண்டும், பின்னால் பெண்சாதி உட்கார சீட் வேண்டும். இதற்கு ஒன்றும் கிடையாது. ரோட்டுக்காரன் ஐம்பது வெள்ளிக்குமேல் கேட்கமாட்டான். காட்டு ரேஸ்காரன் கண் வேறு. சேற்றுத் தண்ணீர் புகாமல் புகைக்குழாய் சீட் உயரத்துக்கு ஏறிப் போகிறதா, வேர் இடிக்காமல் இன்ஜினுக்கு அடியில் தகடு இருக்கிறதா, மேட்டில் ஏறுகிற கியர் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பான். கியர் உன்னிடம், குழாய் என்னிடம். இந்த மாதிரி மலாயாவுக்கு வந்தது நாலோ ஐந்தோ. மற்றதை ஜப்பான்காரன் ஓட்டியே சாகடித்தான். அதோடு, பிரேமில் வெட்டியிருக்கிற எண்ணும் இன்ஜினில் வெட்டியிருக்கிற எண்ணும் தொழிற்சாலைச் சீட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு இருக்கிறது. வேறு இன்ஜினை இதில் வைத்தால் ஓடும், விலை ஓடாது.

விலையை எழுது என்கிறாய். அது மட்டும் முடியாது. மாட்டு வண்டிக்குக் காளை பிடித்துக் கொடுத்த காலத்திலிருந்து நான் விலையை வாயால் சொன்னதில்லை. துண்டைப் போட்டு, அதற்குள் எதிராளி விரலைப் பிடித்துத்தான் சொல்வேன். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை. சம்மதம் என்றால் அவன் திருப்பி அழுத்துவான். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் தெரியாது. வாயால் சொன்னால் அது விலை இல்லை, கூப்பாடு. இப்போது நான் சொன்னால் இவள் எழுதுவாள். உன் மகன் படிப்பான். தபால்காரன் பிரித்தாலும் பிரிப்பான். உன் கையை நான் பிடிக்க முடியாது. நான் என்ன செய்ய?

இன்ஜினைக் கொடுக்காதே. துரு இருந்தால் இருக்கட்டும், பெயின்ட் அடிக்காதே.

அப்பாசாமி


786
சிங்கப்பூர்
11-7-1957

அப்பாசாமி அண்ணனுக்கு,

பெருநாள் முடிந்து எழுதுகிறேன். அவர் இல்லாத முதல் ஹஜ் பெருநாள்.

உங்கள் கடிதத்தை மகன் படித்தான். படித்துவிட்டு மேசைமேல் போட்டான். "விக்காதன்னு சொல்றாரு, எவ்வளவுன்னு சொல்ல மாட்டேங்கிறாரு. இவரு யாரும்மா? தரகரா, பூசாரியா?" என்றான். நான் அவனைக் கண்டித்தேன். ஆனால் எனக்கும் அதே கேள்விதான்.

பொன்னுதுரை மறுபடி வந்தார். இருநூற்றைம்பது என்றார். வாங்கப்போகிற துரை ஆகஸ்டு கடைசியில் கப்பலேறிச் சீமைக்குப் போகிறாராம், அங்கே இந்த மாதிரி பழைய ரேஸ் மோட்டாருக்கு இப்போது ஆள் தேடுகிறார்களாம், கப்பல் போய்விட்டால் இது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்றார். நீங்கள் எழுதியதை மகன் கேட்டே விட்டான். "பிரேம் இன்னும் கிழவர்கிட்டத்தான் இருக்காமே?" முகம் மாறாமல், "ஓம், வார கிழமை தாறன் எண்டவர்," என்றார். பொய் சொல்கிறவர் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் பொய் சொல்கிறவர் கையில்தான் பணம் இருக்கிறது. உண்மை பேசுகிற நீங்கள் எண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சண்டை முடிந்த மறுவருஷம் ஒரு பட்டாள கேப்டன் இந்த மோட்டாரை வாங்க வந்தார். அவர் கொடுக்கிறேன் என்ற விலை நல்ல விலை என்று சிஹாபுதீன் வாப்பா சாகிறவரை சொன்னார். அந்தப் பணத்தில் ஜாலான் பெண்டஹாராவில் கடை எடுப்பதாக இருந்தார். நீங்கள் அவரிடம் கேட்காமல் கேப்டனைத் திருப்பி அனுப்பினீர்கள். "அப்பாசாமி தானே பின்னால கொறச்சி வாங்கிக்கலாம்னு பாத்தான் நூரு," என்றுதான் என்னிடம் சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடமாட்டார். இங்கே வந்து அடுத்தவன் கடையில் கூலிக்கு நின்றார். கடைசி நாலு வருஷம்தான் சொந்தக் கடை.

இப்போது அதே மோட்டார், அதே ஊர்க்காரர், அதே பேச்சு: விற்காதே. நான் எதை வைத்து நம்புவது? அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். பதில் வராவிட்டாலும், வந்து அதில் உண்மை இல்லாவிட்டாலும், இன்ஜினைக் கொடுத்துவிடுவேன்.

நூர்ஜஹான்


காஜா பெராங்
19-7-1957

தங்கச்சிக்கு, அப்பாசாமி சொல்லி எழுதுவது.

பூசாரி என்று உன் மகன் சொன்னதைக் கமலவேணி முதலில் படிக்காமல் தாண்டினாள். அவள் நின்ற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது, திரும்பப் படிக்கச் சொன்னேன். பரவாயில்லை. ஜெய்னு பேச்சு அவனுக்கு வந்திருக்கிறது.

கேட்டாய், சொல்கிறேன். இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜெய்னு தொழுதுவிட்டு நேராக வந்தான், தொப்பி தலையிலேயே இருந்தது. ஜாலான் பெண்டஹாராவில் அப்துல் கய்யூம் ஜவுளிக்கடை வாசல். கேப்டன் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறான், இடது காதில் ஒரு வெட்டுத் தழும்பு. அவன் விலையை என்னிடம் சொல்லிவிட்டான். ஆள் கூடிவிட்டது. மோட்டாரில் பாதி ஜெய்னுடையது, அதனால் நான் துண்டைப் போட்டு அவன் கையைப் பிடித்தேன். கேப்டன் சொன்ன விலையை அவன் விரலில் வைத்தேன். வாயால் அவன், "குடு, குடுத்துடுலா," என்றான். சுற்றி ஆள் இருக்கும்போது வாய் எதுவும் சொல்லும், அதற்காகத்தானே துண்டு. நான் கையைப் பார்த்தேன். கை அழுத்தவில்லை. மறுபடி வைத்தேன். அப்போதும் இல்லை. ஈரத்துணி மாதிரி என் கைக்குள் கிடந்தது.

நாற்பது வருஷத்தில் அப்படிப் பல கையைப் பிடித்திருக்கிறேன். வீட்டுக் கஷ்டத்துக்காகக் காளையை விற்க வருகிறவன், வாயால் சரி சரி என்பான், கை செத்துக் கிடக்கும். அவனுக்கு மனசில்லை என்று அர்த்தம். நான் விற்கவிட்டதே இல்லை. மறுநாள் வந்து என் காலைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படித்தான் ஜெய்னுவுக்கும் மனசில்லை என்று எடுத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேப்டனிடம் இல்லை என்று கையாட்டினேன். ஜீப் போய்விட்டது.

"ஆளு எங்கடா போறான்?" என்றான் ஜெய்னு.

"அனுப்பிட்டேன்."

"யாரக் கேட்டு அனுப்புன?"

"ஒன் கையத்தான் கேட்டேன். வேணாம்னுச்சி."

"நான் அழுத்துனேன்டா."

"பொய் சொல்லாத ஜெய்னு. எங்கிட்டயா?"

அவன் முகம் எப்படி ஆனது என்பதை இப்போதும் சொல்வேன். முதலில் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான். பிறகுதான் கத்தினான். "வெலய மறைக்கிறான், திருடன். இவன் துண்டுல கைய வைக்காதீங்க." ஒரு கடைவீதியே கேட்டது. அதற்குப் பிறகு என் துண்டுக்குள் ஒருத்தரும் கை வைக்கவில்லை. முதலில் நிறுத்தியது கய்யூம். நான் இப்போது ஒரு சீனன் சைக்கிள் கடையில் டியூபுக்குக் காற்றுப் பிடிக்கிறேன். தந்தி வந்தது. எந்த முகத்தோடு வருவேன்? அங்கே வந்திருக்கிற மலாக்காக்காரர்கள் திருடன் வந்தான் என்பார்கள்.

நீ உண்மை கேட்டாய். என் பக்கத்து உண்மை இதுதான்: அவன் வாய் ஒன்று சொன்னது, கை ஒன்று சொன்னது. நான் கையை நம்பினேன். அவன்தான் மாற்றிப் பேசினான்.

கொடுக்க வேண்டுமென்றால் கொடு. இனி நான் தடுக்கவில்லை.

அப்பாசாமி


786
சிங்கப்பூர்
27-7-1957

அப்பாசாமி அண்ணே,

உங்கள் கடிதத்தை மகனிடம் கொடுக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

ஜப்பான் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று தின்று அவருக்குப் பெரிபெரி வந்தது உங்களுக்குத் தெரியும். கால் வீங்கியதை ஊரே பார்த்தது. வீக்கம் வற்றி எழுந்து நடந்தார். எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். கை சரியாகவில்லை. இரண்டு கையிலும் விரல் நுனி மரத்துப்போயிற்று, பிடியும் போயிற்று. சூடான தேத்தண்ணி கிளாஸைப் பிடித்து, தோல் சிவந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை நான்தான் மாட்டிவிடுவேன். கடைசி நாள்வரை நான்தான்.

"வெளிய சொல்லாத நூரு. கையில உணர்ச்சி இல்லாதவன யாவாரத்துல ஒருத்தனும் சேத்துக்க மாட்டான். முக்கியமா அப்பாசாமிக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா எனக்காகப் பாவம் பாப்பான்," என்பார்.

நீங்கள் விலையை வாயால் கேட்டிருந்தால் அவர் வாயால் சொல்லியிருப்பார். நீங்கள் கையைக் கேட்டீர்கள். அவர் தன் மனசால் அழுத்தியிருக்கிறார், விரல் அதைக் கேட்கவில்லை. அழுத்தியதாகவே நினைத்திருக்கிறார். நீங்கள் பொய் சொல்லாதே என்றதும் கையைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதுதான் அவருக்கே புரிந்திருக்கும். கை செத்துவிட்டது என்று கடைவீதியில் சொல்வதைவிட, உங்களைத் திருடன் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. என்னிடம்கூட அந்தத் துண்டுப் பேச்சை மட்டும் மறைத்திருக்கிறார். பதினோரு வருஷம்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பொன்னுதுரை நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டேன். பிறகு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

நூர்ஜஹான்


காஜா பெராங்
14-8-1957

தங்கச்சிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. அவன் கை உண்மை சொன்னது, வாய் பொய் சொன்னது என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். வாய்தான் உண்மை சொல்லியிருக்கிறது. எத்தனை மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தவன், எத்தனை இன்ஜினைக் காதால் கேட்டே நோவு சொன்னவன், கூட வளர்ந்தவன் கை மரத்திருப்பது எனக்குத் தெரியவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

பிரேம், இரண்டு சக்கரம், டேங்க், ஹேண்டில், புகைக்குழாய், ஒரு டின்னில் நட்டு போல்ட் எல்லாம் செட்டி கம்பம் என்கிற கிராமத்து லாரிக்காரரிடம் ஏற்றிவிட்டேன். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான் பேசுவார், நல்ல மனுஷர். மூவார் ஆற்றில் லாரியைப் படகில் ஏற்றும்போது இறங்கிக் கூடவே நிற்கச் சொல்லியிருக்கிறேன். ரசீது வேண்டாம். உன் மகன் மாட்டட்டும். முன் சக்கர அச்சு இடது மரை, வலுக்கட்டாயமாகத் திருப்பினால் போய்விடும். பிரேம் கழுத்தில் பித்தளை வைத்து ஊதின தழும்பு ஒன்று தெரியும். ஜாசின் துரை ரேஸில் மரத்தில் மோதிய இடம். அதை ராவி மறைக்கக்கூடாது. வாங்குகிறவன் அதைத்தான் தேடுவான்.

டேங்குக்குள் என் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். பெரிய முடிச்சு நூறு, சின்ன முடிச்சு பத்து. அதுதான் முழு மோட்டாரின் விலை. கண்ணால் எண்ணாதே, விரலால் எண்ணு. அதற்கு ஒரு முடிச்சு குறைந்தாலும் கொடுக்காதே. பொன்னுதுரை வழியாகவும் கொடுக்காதே. வாங்குகிற துரையே வர வேண்டும்.

அப்பாசாமி

அம்மா, இது நான், கமலவேணி. மாமா குளிக்கப் போயிருக்கிறார். உங்கள் கடிதத்தில் பொத்தான் எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு ஒருநாள் மத்தியானம் கையைத் தலைக்கடியில் மடக்கி, மரத்துப்போகும்வரை அப்படியே படுத்திருந்தார். எழுந்து என்னைக் கூப்பிட்டு, "கையப் புடிம்மா," என்றார். பிடித்தேன். "அழுத்துறேனா?" என்று கேட்டார். "இல்ல மாமா," என்றேன். "நான் அழுத்துறேன்மா," என்றார். அதற்கப்புறம்தான் ஏணி போட்டு, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் பிரேமை இறக்கினார். துண்டில் முடிச்சுப் போடும்போது என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.


786
சிங்கப்பூர்
28-8-1957

அன்புள்ள அண்ணே,

இத்தா முடிந்தது. முதல் வேலையாக, லாரியிலிருந்து இறங்கியதைத் தொட்டுப் பார்த்தேன்.

சிஹாபுதீன் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சாயங்காலமும் மாட்டினான். இடது மரை என்று நீங்கள் சொல்லியும் முதல் தடவை தப்பாகத் திருப்பினான். பிறகு திட்டிக்கொண்டே சரியாகத் திருப்பினான். கிக்கரை மிதித்தபோது முதலில் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஜாலான் சுல்தான் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, கூரையில் ஓடு போய்விடும் என்று சத்தம் போட்டார். சமையல்கட்டில் சாக்குக்குள் இத்தனை வருஷம் கிடந்தது இதுதானா என்று எனக்கே பயமாக இருந்தது.

சத்தம் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மறுநாள் பொன்னுதுரை ஓடி வந்தார். நானூறு என்றார். துரை இனி வரமாட்டார், கடைசி விலை என்றார். நான் திரைக்கு வெளியே, முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் துண்டு மடியில், முந்தானைக்கு அடியில் இருந்தது.

"மோட்டார நாங்க தொரைக்குத்தான் காட்டுவோம். நீங்க கூட்டிக்கிட்டு வாங்க. இல்லாட்டி மகன் தொரைமாரு கிளப்புக்கே ஓட்டிக்கிட்டுப் போயிருவான்," என்றேன்.

"அதுக்கு லைட்டும் இல்ல, வரியும் இல்ல. போலீஸ் பிடிக்கும் அம்மா."

"பிடிக்கட்டும். தொரைக்குச் சேதி இன்னும் சீக்கிரம் போவும்."

துரை மறுநாள் சேதி கேட்டு நடந்தே வந்தார், பொன்னுதுரை இல்லாமல். மண்டி போட்டு, பிரேம் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒரு தாளோடு ஒத்துப் பார்த்தார். கழுத்துத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு ஒரு விலை சொன்னார். மகன் என்னைப் பார்த்தான். நான் முந்தானைக்குள் முடிச்சை எண்ணிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். அவர் கூட்டினார். மறுபடி இல்லை என்றேன். மகன் என் பக்கம் குனிந்தான். "ம்மா, போதும்மா, போயிரப்போறாரு," என்று தமிழில் கெஞ்சினான். கப்பல் நாலு நாளில். கடைக்காரச் சீனர் அன்றைக்குக் காலைதான் ஆள் அனுப்பியிருந்தார். ஆனாலும் கடைசியில் இரண்டு சின்ன முடிச்சு பாக்கியிருந்தது. விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு மறுபடி தலையாட்டினேன். துரை எழுந்து கதவுவரை போனார். திரும்பி வந்து, அதையும் கொடுத்தார்.

கடைக்கு முன்பணம் கட்டிவிட்டோம்.

உங்கள் பாதி இருக்கிறது. மணியார்டர் செய்யமாட்டேன். இந்தக் கடிதத்தில் தொகையும் எழுதமாட்டேன், கமலவேணி படிப்பாளே. சிஹாபுதீன் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜாலான் பெண்டஹாராவுக்கு வருவான். கய்யூம் கடை வாசலில் நில்லுங்கள். உங்கள் துண்டு அவனிடம் இருக்கும். எப்படிப் பிடிப்பது என்று என் கையிலேயே அவனுக்குப் பழக்கியிருக்கிறேன். முதல் நாள் வெட்கப்பட்டான்.

உங்கள் தங்கச்சி
நூர்ஜஹான்


காஜா பெராங்
8-9-1957

தங்கச்சி நூர்ஜஹானுக்கு, அண்ணன் அப்பாசாமி சொல்லி எழுதுவது.

உன் மகன் வந்தான். சுதந்திரத்துக்குக் கட்டின கொடியெல்லாம் இன்னும் கடைவீதியில் தொங்குகிறது, அதற்கடியில் நடந்து வந்தான். தொப்பி தலையிலேயே இருந்தது. தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது, நடை அப்படியே ஜெய்னு நடை. நான் கமலவேணி துவைத்துப் போட்ட சட்டையோடு முன்னாடியே போய் நின்றிருந்தேன். நிற்கிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் ஜவுளியைப் பார்ப்பதுபோல் நின்றேன். கய்யூம், "என்ன அப்பாசாமி, சேலை எடுக்கப்போறியா?" என்றான். வேறு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

உன் மகன் முதலில் ஒன்று செய்தான். நீ சொல்லிக் கொடுத்ததா, அவனாகச் செய்ததா தெரியாது. கடைவீதி கேட்கிற மாதிரி, "நான் ஜெய்னுலாப்தீன் மகன். எங்க வாப்பாக்கு ஜப்பான் காலத்துலேர்ந்து கை மரத்துப்போச்சி. அது யாருக்கும் தெரியாது. அப்பாசாமி மாமா வெலய மறைக்கல," என்றான். கய்யூம் கையில் முழக்கோல் அப்படியே நின்றது. உன் மகன் என்னைப் பூசாரி என்றவன். இப்போது மாமா என்கிறான்.

பிறகு துண்டை எடுத்து விரித்தான். முடிச்செல்லாம் அவிழ்த்திருந்தாய், சுருக்கம் மட்டும் இருந்தது. ஆள் கூடிவிட்டது. அதே இடம், அதே மாதிரி ஆள். என் கை துண்டுக்குள் போக மாட்டேன் என்றது. அவன்தான் தேடிப் பிடித்தான்.

என் பாதி எவ்வளவு என்று வைத்தான். சரியாகத்தான் வைத்தான், நீ நன்றாகப் பழக்கியிருக்கிறாய். அதில் ஒரு விரலை, அந்த அளவு உனக்கு என்று, நான் அவன் கைக்கே மடக்கித் திருப்பி விட்டேன். கேப்டன் கொடுத்திருந்தால் ஜெய்னு அன்றைக்கே எடுத்திருக்க வேண்டிய கடைக்காக. அவன் வேண்டாம் என்று விரலை நீட்டினான். நான் மறுபடி மடக்கினேன். அப்படி மூன்று தடவை. வெளியே நிற்கிறவர்கள் பேரம் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் நெருங்கினார்கள். "எவ்வளவுக்குய்யா போச்சு?" என்றான் கய்யூம். "துண்டக் கேளு," என்றேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டதற்கு அழுத்தினான். மோட்டார் மாட்டின கை, எண்ணெய் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. இரண்டு தடவை அழுத்தினான். எனக்கு எலும்பு வலித்தது. விடு என்று சொல்லவில்லை.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இவளை உட்கார வைத்தேன், மற்றதெல்லாம் இடையில் வந்துவிட்டது. நீ கவலைப்படாதே தங்கச்சி. பையன் கையில் நல்ல பிடி இருக்கிறது.

அப்பாசாமி